மையக்கருத்தைப் பிடிக்கும் விளையாட்டுகள்: தொடக்க வகுப்பு ஆசிரியருக்கு ஒரு முழு வழிகாட்டி

"இந்தப் பத்தியின் மையக்கருத்து என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவன் முதல் வாக்கியத்தை அப்படியே வாசிப்பான். ஒருத்தி தனக்குப் பிடித்த வாக்கியத்தைச் சொல்வாள். கடைசி வரிசையில் ஒருவன் பத்தியைப் பார்க்காமலேயே "ஒற்றுமையே பலம்" என்பான். பல ஆண்டுகளாக இந்த மூவருக்கும் நான் கொடுத்த பதில் ஒன்றுதான்: "இல்லை, அடுத்தவர் சொல்லுங்கள்." மூன்று தவறும் மூன்று வெவ்வேறு குழப்பத்திலிருந்து வருகின்றன என்பது வெகுநாள் கழித்தே உறைத்தது. எந்தக் குழப்பம் என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ற விளையாட்டை எடுத்தால் பதினைந்து நிமிடத்தில் பலன் தெரியும். வகுப்பு கலகலப்பாக இருக்கட்டும் என்று ஏதோ ஒன்றை எடுத்தால் கலகலப்பு மட்டும் மிஞ்சும்.

முதலில், பயனிலை

மையக்கருத்து என்றால் "முக்கியமானது" என்று சொல்லிக் கொடுப்பது எளிது, ஆனால் பயன் இல்லை. எட்டு வயதுக் குழந்தைக்கு, டைனோசர் எவ்வளவு எடை என்பதைவிட முக்கியமான செய்தி உலகத்திலேயே இல்லை. வேறு பிடி வேண்டும். நமக்கு அது இலக்கணத்திலேயே கிடைக்கிறது. எழுவாய் மட்டும் இருந்தால் அது பத்தியின் பொருள். பயனிலையும் சேர்ந்தால்தான் கருத்து. சின்ன வகுப்பில் இந்தப் பெயர்களைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கேள்விகள் போதும்: "எதைப் பற்றி?" "அதைப் பற்றி என்ன?"

கீழே உள்ள பத்தியைக் கரும்பலகையில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டி முழுக்க இது நமக்குத் தேவைப்படும்.

"ஒட்டகத்தின் கண்களில் இமைமயிர் இரண்டு வரிசைகளாக இருக்கும். மணற்காற்று வீசும்போது அது மூக்குத் துளைகளை மூடிக்கொள்ளும். அதன் அகன்ற பாதங்கள் மணலில் எளிதில் புதைவதில்லை. தீனி கிடைக்காத நாட்களில் திமிலில் சேர்ந்திருக்கும் கொழுப்பு உதவுகிறது."

எதைப் பற்றி? ஒட்டகத்தைப் பற்றி. அதைப் பற்றி என்ன? இங்கேதான் வகுப்பு திணறும். ஏனென்றால் விடை பத்தியில் எழுதப்படவில்லை. நான்கு வாக்கியங்களையும் சேர்த்துப் பார்த்துக் குழந்தையே உருவாக்க வேண்டும். "ஒட்டகத்தின் உடல் பாலைவனத்தில் வாழ ஏற்றதாக இருக்கிறது" என்பது அந்த விடை.

இதே பத்திக்கு வரக்கூடிய தவறான விடைகளை நான்கு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறோம். "ஒட்டகம்" என்று நிறுத்தினால் அது வெறும்பெயர். "ஒட்டகம் மூக்கை மூடிக்கொள்ளும்" என்றால் துண்டு. "விலங்குகள் பலவிதமாக வாழ்கின்றன" என்றால் பூதம். பத்தியைவிட விடை பெரிதாகிவிட்டது. "எந்தச் சூழலிலும் கலங்காமல் வாழ வேண்டும்" என்றால் உபதேசம். இந்தப் பெயர்களைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். "தவறு" என்று ஆசிரியர் சொன்னால் முகம் வாடும் பிள்ளை, "இது பூதம்!" என்று தோழன் கத்தினால் சிரித்துக்கொண்டே விடையைச் சுருக்கும்.

முதல் வாக்கியத்தையே விடையாக வாசிக்கும் பழக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதைப் பெரும்பாலும் நாம்தான் ஊட்டுகிறோம். பயிற்சித்தாள்களில் மையக்கருத்து முதல் வரியில் உட்கார்ந்திருக்கும். நிஜ எழுத்தில் அப்படி இல்லை. 1974-இல் ரிச்சர்ட் பிராடாக் என்ற ஆய்வாளர் ஆங்கில இதழ்களில் தேர்ந்த எழுத்தாளர்கள் எழுதிய கட்டுரைகளை எடுத்துப் பத்தி பத்தியாகப் பார்த்தார். மையக்கருத்தைச் சொல்லும் வாக்கியத்தோடு தொடங்கிய பத்திகள் 13 சதவீதம் மட்டுமே. ஆகவே விளையாட்டுக்குப் பத்தி தேர்ந்தெடுக்கும்போது முதல் வரியில் விடை உள்ளது, கடைசி வரியில் உள்ளது, எங்குமே இல்லாதது என்று கலந்து வையுங்கள்.

ஒன்று: மர்மப் பை (1, 2-ஆம் வகுப்பு)

எழுத்துக்கூட்டி வாசிக்கவே சிரமப்படும் பிள்ளைக்கு ஒரே நேரத்தில் இரண்டு சுமை வேண்டாம். வாசிப்பே இல்லாமல் தொடங்கலாம். ஒரு துணிப்பையில் சோப்பு, பல் துலக்கி, சீப்பு, நகவெட்டி ஆகியவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். ஒவ்வொரு முறையும் கேள்வி ஒன்றுதான்: "இந்தப் பை எதைப் பற்றியது?"

சோப்பு வந்ததும் "குளிப்பது" என்பார்கள். பல் துலக்கி வந்ததும் அந்த விடை உடையும். "காலையில் செய்வது" என்று மாற்றுவார்கள். சீப்பு வந்த பிறகும் அது தாங்கும். நகவெட்டி வந்ததும் அதுவும் உடையும். கடைசியில் "உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொள்ள உதவுபவை" என்று யாராவது ஒரு குழந்தை சொல்லும். விடை உடைந்து உடைந்து விரிவதைத்தான் நாம் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மேசையில் கொட்டிவிட்டால் இந்த விளையாட்டில் ஒன்றுமே இல்லை.

அடுத்த நாள், பையில் பொருளுக்குப் பதிலாக வாக்கியச் சீட்டுகள். ஒட்டகப் பத்தியின் நான்கு வாக்கியங்களையும் வெட்டிப் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து நீங்களே உரக்க வாசியுங்கள். அதே கேள்வி, அதே உடைதல்.

இரண்டு: விரிப்பும் பந்தும் (2 முதல் 4-ஆம் வகுப்பு)

துண்டு விடையில் சிக்கிக்கொள்ளும் வகுப்புக்கு என் முதல் தேர்வு இதுதான். மையக்கருத்துக்கும் விவரங்களுக்கும் உள்ள உறவைப் படம் போட்டு விளக்குவதைவிடக் கையில் கொடுத்துவிடுவது நல்லது.

தேவையானவை: ஒரு பழைய படுக்கை விரிப்பு, ஒரு லேசான பந்து, ஐந்து வாக்கியச் சீட்டுகள். மையக்கருத்து வாக்கியத்தை எழுதிப் பந்தின்மீது ஒட்டுங்கள். ஐந்து பிள்ளைகள் விரிப்பைச் சுற்றி நின்று இழுத்துப் பிடிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு சீட்டு. பந்து நடுவில். நான்கு சீட்டுகளில் பத்தியின் வாக்கியங்கள் இருக்கும். ஐந்தாவது, ஒட்டாத வாக்கியம்.

முதல் பிள்ளை தன் சீட்டை வாசிக்கும். வகுப்பு முழுவதும் சேர்ந்து கேட்கும்: "தாங்குமா, தாங்காதா?" தாங்கும் என்றால் ஏன் என்று ஒருவர் சொல்ல வேண்டும். "பாதம் புதையாவிட்டால் மணலில் நடக்க முடியும், அதனால் தாங்கும்." தாங்காது என்று முடிவானால் அந்தப் பிள்ளை விரிப்பை விட்டுவிட வேண்டும். மற்ற நால்வரும் சமாளித்துக்கொள்வார்கள். வகுப்பு தவறாக முடிவு செய்திருந்தால், அடுத்து ஒட்டாத வாக்கியமும் கையை விடும்போது பந்து உருண்டு கீழே விழும். விழும் சத்தத்துக்காகவே சில பிள்ளைகள் தவறாகச் சொல்வார்கள். முதல் நாள் மட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டாத வாக்கியத்தை எழுதுவதில்தான் ஆசிரியரின் திறமை இருக்கிறது. நான் முதன்முதலில் ஒட்டகப் பத்திக்குள் "விமானம் வானத்தில் பறக்கும்" என்று ஒரு சீட்டைச் செருகினேன். இரண்டு நொடியில் கண்டுபிடித்துவிட்டார்கள். எல்லோரும் கைதட்டினோம், யாரும் எதையும் கற்கவில்லை. ஏனென்றால் அதைக் கண்டுபிடிக்க மையக்கருத்தே தேவையில்லை, "ஒட்டகம்" என்ற சொல் இல்லை என்பதே போதும். மறுவாரம் "ஒட்டகப் பாலை மனிதர்கள் குடிக்கிறார்கள்" என்று மாற்றினேன். இப்போது சண்டை தொடங்கியது. "இதுவும் ஒட்டகம்தானே?" என்றான் ஒருவன். "ஒட்டகம்தான், ஆனால் பால் கொடுப்பதால் அது பாலைவனத்தில் நடந்துவிடுமா?" என்றாள் எதிரே விரிப்பைப் பிடித்திருந்தவள். பொருளுக்கும் கருத்துக்கும் உள்ள வேறுபாட்டை நான் இரண்டு வாரமாகச் சொல்லியும் ஏறாததை அவள் ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள். ஒட்டாத வாக்கியம் எப்போதும் அதே பொருளைப் பற்றியதாகவும் வேறு கருத்தைத் தாங்குவதாகவும் இருக்கட்டும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. பந்து விழாமல் இருக்க வசதி என்று, நான்கு மூலையில் சரியான நான்கு பேரையும் பக்கவாட்டின் நடுவில் ஒட்டாத சீட்டுக்காரரையும் நிறுத்தி வந்தேன். இரண்டாவது சுற்றிலேயே "நடுவில் நிற்பவர்தான்!" என்று வாசிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள். நிற்கும் இடத்தைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும்.

மூன்று: நான்கு மூலை (3 முதல் 5-ஆம் வகுப்பு)

பத்தி ஒன்று, விடைகள் நான்கு. வகுப்பறையின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு விடையை ஒட்டுங்கள். ஒன்று சரியான மையக்கருத்து. மற்ற மூன்றும் வெறும்பெயர், துண்டு, பூதம், உபதேசம் ஆகிய நான்கில் எவையேனும் மூன்று. உங்கள் வகுப்பு எதில் அதிகம் தடுமாறுகிறதோ அது கட்டாயம் இருக்க வேண்டும்.

"எந்த மூலை சரி? ஓடுங்கள்!" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். சொன்னால் வகுப்பே முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையின் பின்னால் ஓடும். முதலில் ஆளுக்கொரு சிலேட்டில் மூலையின் எண்ணை எழுதிக் கவிழ்த்து வைக்கட்டும். பிறகு நடக்கட்டும். மூலைக்குப் போனதும் ஒரு நிமிடம் தங்களுக்குள் பேசி, பத்தியிலிருந்து ஆதாரத்தோடு ஒருவர் வாதாடட்டும். நான்கு மூலையும் பேசி முடித்ததும், விரும்பியவர்கள் மூலை மாறலாம்.

இங்கே நான் வைத்திருக்கும் விதி சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம்: முதலிலேயே சரியான மூலையில் நின்றவருக்கு ஒரு புள்ளி, காரணம் சொல்லி மூலை மாறியவருக்கு இரண்டு. "அவர்கள் பாதத்தைப் பற்றிச் சொன்னார்கள், என் விடையில் பாதம் அடங்கவில்லை, அதனால் மாறினேன்" என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அந்த இரண்டு புள்ளி தகும். காரணம் சொல்லாமல் கூட்டத்தோடு நகர்ந்தவருக்கு எதுவும் கிடையாது.

நான்கு: சொல் ஏலம் (4, 5-ஆம் வகுப்பு)

இதன் வேர், அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஃபுக்ஸ், லின் ஃபுக்ஸ் இருவரும் உருவாக்கிய இணையர் கற்றல் முறை. அதில் இரண்டு பிள்ளைகள் சேர்ந்து ஒரு பத்தியை வாசித்து, அது யாரை அல்லது எதைப் பற்றியது, அதைப் பற்றிய மிக முக்கியமான செய்தி என்ன என்று கண்டு, பத்துச் சொற்களுக்குள் சொல்ல வேண்டும். கூடினால் சுருக்க வேண்டும். பத்து என்பது ஆங்கிலக் கணக்கு. "அழுதுகொண்டிருந்தவர்களுக்காக" என்பது நமக்கு ஒரே சொல். வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் தமிழில் பத்துச் சொல் கொடுத்தால் பத்தியையே திருப்பிச் சொல்லிவிடுவார்கள். ஏழு போதும்.

ஆடும் முறை:

1. வகுப்பை நான்கு அல்லது ஐந்து குழுக்களாகப் பிரித்து, எல்லோருக்கும் ஒரே பத்தியைக் கொடுங்கள். மூன்று நிமிடம் வாசிக்கட்டும்.
2. ஏலத்தை ஏழிலிருந்து தொடங்குங்கள். "ஏழு சொல்லில் சொல்ல யார் தயார்?" ஒரு குழு கை தூக்கும். "ஆறு?" இன்னொரு குழு. குறைத்துக் கேட்பவரே முன்னேறுவார்.
3. இனிக் குறைக்க யாரும் இல்லை என்றதும் அந்தக் குழு வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். நீங்கள் கரும்பலகையில் எழுதிச் சொற்களை எண்ணுங்கள்.
4. மற்றக் குழுக்கள் பத்தியைக் கையில் வைத்துக்கொண்டு சோதிக்கட்டும்: "எந்த வாக்கியமாவது இதற்குள் அடங்காமல் வெளியே நிற்கிறதா?" நின்றால் ஏலம் முந்தைய குழுவுக்குப் போகும்.

தேனீயின் ஆட்டத்தைப் பற்றிய பத்தி இதற்கு நன்றாக அமையும். பூக்கள் உள்ள இடத்தைக் கண்ட தேனீ கூட்டுக்குத் திரும்பி உடலை அசைத்து ஆடும். அசைந்தபடி ஓடும் நேரம் தூரத்தைக் காட்டும். ஓடும் கோணம், சூரியனை வைத்துத் திசையைக் காட்டும். மற்றத் தேனீக்கள் கவனித்துவிட்டுப் பறக்கும். (இந்த ஆட்டத்தின் பொருளைக் கண்டுபிடித்த கார்ல் ஃபான் ஃபிரிஷுக்கு 1973-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பிள்ளைகளிடம் இதை ஏலம் முடிந்த பிறகு சொல்லுங்கள். முன்பே சொன்னால் நோபல் பரிசுதான் மையக்கருத்து என்பார்கள்.)

ஒரு குழு துணிந்து இரண்டு சொல்லுக்கு இறங்கியது: "தேனீக்கள் ஆடும்." சோதனையில் ஒரு பையன் எழுந்து, "இதை மட்டும் படித்தவருக்கு அது எதற்கு ஆடுகிறது என்று தெரியாதே" என்றான். ஏலம் கைமாறியது. "தேனீக்கள் ஆடியே பூக்கள் இருக்குமிடத்தைச் சொல்கின்றன" என்ற ஐந்து சொல் வென்றது. குறைவாகச் சொல்வதற்கும் குறைபட்டுச் சொல்வதற்கும் நடுவில் உள்ள கோடு அன்று வகுப்புக்குத் தெரிந்தது.

பிள்ளைகள் ஏமாற்றுவார்கள். "பூவிடத்தகவலாட்டம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு "இது ஒரு சொல்" என்று ஒரு குழு அடம் பிடித்தது. புணர்ச்சி விதிகளை இவ்வளவு ஆர்வத்தோடு யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. ரசித்துவிட்டு, "அச்சிட்ட புத்தகத்தில் பார்க்கக்கூடிய சொல்லாக இருக்க வேண்டும்" என்று விதியைத் திருத்திக்கொண்டேன்.

ஏலம் ஏன் சின்ன வகுப்புக்கு ஆகாது? 1983-இல் ஆன் பிரவுன், ஜீன் டே இருவரும் வெளியிட்ட ஆய்வில், சுருக்கி எழுதச் சொன்னபோது இளைய மாணவர்கள் தேவையற்றதை நீக்குவதை நன்றாகவே செய்தார்கள். பத்தியில் இல்லாத மையக்கருத்து வாக்கியத்தைத் தாமே உருவாக்குவதுதான் கடைசியாகக் கைவரும் திறன். அதில் வயதில் பெரியவர்களே தடுமாறினார்கள். விளையாட்டுகளின் வரிசையும் அப்படியே இருக்கட்டும்: நீக்கும் ஆட்டம் முதலில், தேர்ந்தெடுக்கும் ஆட்டம் அடுத்து, உருவாக்கும் ஆட்டம் பிறகு.

கதைக்கு வேறு ஆட்டம்

மேலே உள்ளவை எல்லாம் தகவல் பத்திகளுக்கானவை. கதைக்கு வந்தால் உபதேசம் தலைதூக்கும். "இந்தக் கதை சொல்லும் நீதி யாது?" என்று கேட்டே நாம் வளர்ந்தோம், வளர்த்தோம். பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை.

நான்கு நாற்காலிகளை வரிசையாகப் போடுங்கள். "யார்", "என்ன ஆசை", "என்ன தடை", "என்ன ஆனது" என்று ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை. கதையை வாசித்ததும் நால்வர் வந்து உட்கார்ந்து, தங்கள் நாற்காலிக்கு உரியதை ஆளுக்கொரு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். குட்டி யானை. ஆற்றைக் கடக்க ஆசைப்பட்டது. தண்ணீரைக் கண்டு பயந்தது. தாயின் வாலைப் பிடித்தபடி இறங்கிக் கரையேறியது. ஐந்தாவதாக ஒருவர் பின்னால் நின்று நான்கையும் ஒரே வாக்கியமாகக் கோக்க வேண்டும்: "பயந்த குட்டி யானை தாயின் துணையோடு ஆற்றைக் கடக்கிறது." நீதி சொல்ல ஆசைப்படுபவர்களுக்குச் சற்றுத் தள்ளி ஒரு முக்காலி போட்டிருக்கிறேன். உபதேசம் அங்கே போய்ச் சொல்லலாம். தடையில்லை, ஆனால் அது வேறு இருக்கை.

நேரம் இல்லாத நாளுக்கு

ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்றால் தலைப்புச் செய்தி ஆட்டம். பத்தியை நாளிதழில் போடுவதாக நினைத்துத் தலைப்பு எழுதச் சொல்லுங்கள். விதி ஒன்றே: பயனிலை இருக்க வேண்டும். "மழை" செல்லாது, "மழையால் ஆட்டம் நின்றது" செல்லும். வெறும்பெயர் நோய்க்கு நல்ல மருந்து.

இன்னொன்று, தலைகீழ் ஆட்டம். "எறும்புகள் சேர்ந்து வேலை செய்கின்றன" என்ற மையக்கருத்தை ஒரு குழுவுக்கு மட்டும் இரகசியமாகக் கொடுங்கள். அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் மூன்று விவரங்களை மட்டும் அவர்கள் எழுத, எதிர்க்குழு கண்டுபிடிக்க வேண்டும். எழுதும் குழு படும் பாடுதான் இதில் வேடிக்கை.

பத்தியைத் தேர்ந்தெடுக்கும்போது

விளையாட்டு தோற்றுப்போனால் பிள்ளைகளையும் விதிகளையும் சந்தேகிப்பதற்கு முன் பத்தியைப் பாருங்கள். 1988-இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் 64 மாணவர்களை ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய கதையை வாசிக்கச் சொன்னார்கள். பேஸ்பால் நன்றாகத் தெரிந்த, ஆனால் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள், வாசிப்பில் கெட்டிக்காரர்களான பேஸ்பால் தெரியாத பிள்ளைகளைவிட நன்றாகச் சுருக்கிச் சொன்னார்கள். பொருள் பழக்கமில்லை என்றால் எது முக்கியம் என்று தெரியாது. புதிய விளையாட்டைப் பழகிய பொருளில் தொடங்குங்கள். விளையாட்டு பழகிய பிறகு புதிய பொருளுக்குப் போகலாம்.

நீளம் நான்கைந்து வாக்கியம். ஒரு பாடவேளையில் ஒரே விளையாட்டு. வாசிக்கத் திணறும் பிள்ளைக்குப் பத்தியை இணையர் ஒருவர் உரக்க வாசித்துக் காட்டலாம்.

ஒட்டியதா என்று பார்க்க

விளையாட்டில் குழுவாகச் சரியாகச் சொல்லிவிட்டுத் தனியாகக் கேட்டால் விழிக்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. அதனால் விளையாட்டு முடிந்ததும், மணி அடிப்பதற்கு முன், புதிய பத்தி ஒன்றைக் கொடுத்து ஒரு சீட்டில் ஒரே வாக்கியம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மதிப்பெண் போட வேண்டாம். வெறும்பெயர், துண்டு, பூதம், உபதேசம், சரி என்று ஐந்து அடுக்காகப் பிரித்து வையுங்கள். முப்பது சீட்டுக்குப் பத்து நிமிடம் ஆகாது. துண்டு அடுக்கு உயரமாக இருந்தால் அடுத்த வாரமும் விரிப்பு. வெறும்பெயர் உயர்ந்தால் தலைப்புச் செய்தி. பூதம் உயர்ந்தால் நான்கு மூலை, அதில் இரண்டு மூலையில் பூதம். உபதேசம் உயர்ந்தால் நாற்காலிகளை எடுத்துப் போடுங்கள்.

எந்த அடுக்கிலும் சேராத சீட்டு ஒன்றிரண்டு வரும். நீங்கள் எதிர்பார்த்த விடையாக இருக்காது, ஆனால் பத்தியின் எல்லா வாக்கியங்களும் அதற்குள் அடங்கும். அதைச் சரி அடுக்கில் வைத்துவிட்டு, மறுநாள் விரிப்பில் அந்த வாக்கியத்தையே பந்தின்மீது ஒட்டிப் பாருங்கள்.